சீசாச் சுவரில் பூசிய சாணி

கரியமாணிக்கத்தில் காசம்மாளைப் பெற்றவர்கள் அவளிடம் ஒரே ஒரு குறைதான் சொல்வார்கள். மூக்கு. ஊசிப்போன குழம்பை அடுப்படிக்கு வெளியே நின்றே கண்டுபிடித்துவிடுவாள். எச்சில் தம்ளரில் தண்ணீர் குடிக்கமாட்டாள். யாராவது காறித் துப்பும் சத்தம் கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. "இவள எந்த வூட்டுல குடுத்து இன்னா பண்றது?" என்று தாய்க்காரி புலம்பிக்கொண்டே இருந்தாள். கடைசியில் பாகூருக்குத் தெற்கே, பெண்ணையாற்றங்கரைப் பக்கம் ஒரு சிற்றூரில் தணிகைவேலுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கொஞ்சம் நஞ்சை, கொஞ்சம் கரும்பு, ஒரு ஜோடி மாடு. மாப்பிள்ளைக்கு வீடு சீசா வூட்டுத் தெருவில் என்று கேள்விப்பட்டதும் சொந்தக்காரர்கள் எல்லாரும், "அப்படியா!" என்றார்கள்.

அந்தத் தெருவை அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. வெள்ளைக்காரத் துரை ஒருவன் முன்னொரு காலத்தில் அங்கே அவுரித் தோட்டம் போட்டு, பங்களா கட்டிக் குடியிருந்தான். அவனும் அவன் விருந்தாளிகளும் குடித்துப் போட்ட காலி சீசாக்கள் பங்களாவின் பின்னால் குன்றுபோல் குவிந்து கிடந்தன. அவுரிக்கு விலை விழுந்ததும் துரையும் போய்விட்டான். அதற்கப்புறம் வந்த ஒரு வெள்ளத்தில் பெண்ணையாறு கரை மீறி, தெருவில் இருந்த மண் வீடுகளையெல்லாம் கரைத்துக்கொண்டு போனது. செங்கல் அறுக்க யாருக்கும் வழியில்லை. தணிகைவேலின் அப்பா தங்கவேலும் பங்காளிகளும் துரையின் சீசாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். செங்கல்லுக்குப் பதிலாகச் சீசாவைப் படுக்கவைத்து, களிமண்ணும் சுண்ணாம்பும் குழைத்து, வாய் உள்பக்கமும் அடி வெளிப்பக்கமுமாக வரிசை வரிசையாக அடுக்கினார்கள். கொத்தனார் என்று ஒருவரும் இல்லை. ஆணும் பெண்ணும் தங்கள் கையாலேயே கட்டிக்கொண்டது. அதனால் ஒரு வீடு மாதிரி இன்னொரு வீடு இருக்காது. ஒன்று முழுக்கப் பச்சை. ஒன்றில் பழுப்புச் சீசாவுக்கு நடுவே வெள்ளைச் சீசாவை வைத்துப் பூப்போல் செய்திருந்தார்கள். தெருமுனையில் இருந்த தங்கவேலின் பெரிய வீட்டுக்கு மூலையே கிடையாது, சுவர் வளைந்து திரும்பும்.

கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் காசம்மாள் கண் விழித்தபோது அறை முழுவதும் பச்சை வெளிச்சமாக இருந்தது. குளத்துக்கு அடியில் படுத்திருப்பது போல் இருந்தது அவளுக்கு. எழுந்து முதல் வேலையாகச் சுவரைத்தான் முகர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்கு வாசனை கிடையாது. அது அவளுக்குப் பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் சாம்பல் தொட்டு வெளிச்சுவரைத் துடைப்பாள். தெருவிலேயே தணிகைவேல் வீடுதான் பளபளவென்று நிற்கும்.

ஐம்பத்து நாலாம் வருஷம் நவம்பரில் பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. பாகூரில் மிட்டாய் கொடுத்தார்கள். எல்லையில் இருந்த சுங்கச்சாவடிக்காரர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார்கள். அதுவரை கடலூர்ப் பக்கத்து ஆள் ஆற்றைத் தாண்டி வந்தால் ஆயிரம் கேள்வி. இப்போது கேட்க ஆளில்லை. அந்தக் கரையில் மதுவிலக்கு, இந்தக் கரையில் சாராயக்கடை. சீசாவைக் கையில் கொண்டு போனால்தான் அந்தப் பக்கத்துப் போலீஸ் பிடிக்கும், வயிற்றில் கொண்டு போனால் யார் பிடிப்பார்கள்? வெயில் காலத்தில் ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

தெருமுனைப் பெரிய வீட்டில் தணிகைவேலின் அண்ணன் சம்மந்தம் இருந்தார். காசம்மாளுக்கு மூத்தார் முறை. எதிரே வந்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்பாளே தவிர, அதுவரை நேருக்கு நேர் நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆற்றிலிருந்து ஏறி வரும் வண்டிப்பாதை அவர் வாசலில்தான் முடிகிறது. சாராயக்கடையை ஏலம் எடுத்தவன் வந்து பார்த்தான். சம்மந்தம் வீட்டின் முன்பாதியை அவனுக்கு விட்டுவிட்டு, பின்பாதியில் மனைவி எல்லம்மாளோடு இருந்துகொண்டார்.

அதோடு தெரு நாறத் தொடங்கியது.

முதலில் சாராய நெடி. அது பரவாயில்லை என்று சொல்லும்படி அடுத்தடுத்து வந்தன. குடித்துவிட்டு வருகிறவன் நிற்க முடியாமல் சுவரில் சாய்வான். சாய்ந்த இடத்திலேயே மூத்திரம் போவான். அடுத்த சுவரில் வாந்தி எடுப்பான். வெற்றிலைச் சாற்றைச் சீசாவின் அடியைக் குறிபார்த்துத் துப்புவான். பச்சைக் கண்ணாடியில் சிவப்பாக வழிந்து ஈ மொய்க்கும். காசம்மாள் முக்காட்டை மூக்கில் சுற்றிக்கொண்டு காலையில் ஒரு தடவை கழுவுவாள், மத்தியானம் ஒரு தடவை கழுவுவாள். கழுவிய ஈரம் காயுமுன் இன்னொருவன் வந்து நிற்பான்.

"இன்னாம்மா, சீசாவ இப்படித் தேய்க்கிற? உள்ள சரக்கு கீதா?" என்று ஒருவன் கேட்டான். அவன் பல்லிடுக்கில் வறுத்த குடல் மாட்டியிருந்தது. அவன் போன பிறகு, அந்தப் பல்லை நினைத்து நினைத்து அவள் இரண்டு வேளை சாப்பிடவில்லை.

அவளுடைய மகள் வனஜாவுக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். ஒருநாள் தெருப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள். என்ன விளையாட்டு என்று காசம்மாள் எட்டிப் பார்த்தாள். பிள்ளைகள் வரிசையாகத் தள்ளாடி நடந்தன. வனஜா சுவரோரம் போய்க் குனிந்து, "உவ்வே" என்று வாந்தி எடுப்பதுபோல் செய்து, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அசலாகச் செய்தாள். காசம்மாள் அவள் முதுகில் ஓங்கி வைத்தாள். அடித்த கையைப் பார்த்து அப்புறம் அவளுக்கே அழுகை வந்தது.

தணிகைவேலும் முதலில் திட்டிக்கொண்டுதான் இருந்தான். "தூ, மனுசனுங்களா இவனுங்க?" என்பான். அண்ணன் கூப்பிட்டார் என்று கூட்டத்தைச் சமாளிக்க இரண்டொரு நாள் போனான். பிறகு கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு நேராக அங்கேயே போகத் தொடங்கினான். ஒருநாள் திரும்பி வந்தவன் வாயைத் திறந்து அவள் பெயரைச் சொன்னதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாயைச் சுருட்டி வாசல் பக்கம் போட்டாள்.

"இன்னாடி இது?"

"உள்ள வராத. கொமட்டுது."

அவன் பேசாமல் அங்கேயே படுத்துக்கொண்டான். அதுதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. கத்தியிருந்தால் மனுஷன் என்று தோன்றியிருக்கும்.

இப்படி இரண்டு மூன்று வருஷம் ஓடியது. ஒரு கோடையில் அந்தக் கரைப் போலீஸ் ஆற்று மணலிலேயே வந்து உட்கார்ந்துகொண்டு, குடித்துவிட்டுத் திரும்புகிறவர்களின் வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்த்தது. பிடிபட்டவர்கள் சேதி சொல்ல, கூட்டம் குறைந்தது. கடை எடுத்தவன் முகம் சுண்டியது. அந்தச் சமயத்தில்தான் சம்மந்தம் ஒரு கதையை அவிழ்த்துவிட்டார்.

"எங்கப்பா இந்த வூடுங்களக் கட்டுறப்ப எல்லாமே காலி சீசான்னா நெனச்சிகினு கீறீங்க? தொரை வூட்டுல மூடி தொறக்காத சீசாவும் கெடந்திச்சி. சீமைச் சரக்கு. அவசரத்துல அதையும் சேத்து வெச்சிக் கட்டிட்டாங்க. எந்தச் சொவுத்துல எதுன்னு அவருக்கே தெரியாது. சாவுறப்ப என்னாண்ட மட்டுந்தான் சொன்னாரு."

கேட்டவன் பத்து பேருக்குச் சொன்னான். போலீசாவது ஒன்றாவது, கூட்டம் பழையபடி வந்து குவிந்தது. கடையில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கி, ஒவ்வொரு சீசாவாகத் தட்டிப் பார்ப்பார்கள். சத்தம் மந்தமாகக் கேட்டால் உள்ளே சரக்கு. சுண்டுவிரல் நகத்தால் மண்ணைக் கிள்ளுவார்கள். அப்புறம் ஆணி வந்தது, கத்தி வந்தது. ஒரு கிழவன் சுவரோடு முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு, நக்கிப் பார்த்ததைக் காசம்மாள் தன் கண்ணால் கண்டாள். அதே இடத்தில்தான் கொஞ்சம் முன்பு வேறொருவன் மூத்திரம் போயிருந்தான்.

தெரு நடுவில் பவுனம்மாள் என்று ஒரு தாலியறுத்தவள் தனியாக இருந்தாள். அவள் வீட்டில் கேட்க ஆம்பிளை இல்லை என்பதால் அங்கேதான் நிறையக் கிள்ளினார்கள். சுவர் கீழ்வரிசை பொக்கைவாய் ஆகிவிட்டது. ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் அது சரிந்தது. அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்த பவுனம்மாளின் கால்மேல் விழுந்தது. காசம்மாளும் எல்லம்மாளும் ஓடிப்போய், கண்ணாடிச் சில்லுக்கு நடுவிலிருந்து அவளை இழுத்தார்கள். கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தது. அவளைத் தூக்கி வண்டியில் ஏற்றும்போது காசம்மாள் திரும்பிப் பார்த்தாள். விழுந்த சுவரில் இரண்டு பேர் குனிந்து, உடையாத சீசாக்களை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பவுனம்மாள் பிழைத்தாள். கால் பிழைக்கவில்லை. அதற்கப்புறம் உட்கார்ந்தபடியே நகருவாள்.

அதற்குப் பிறகாவது நிற்கும் என்று காசம்மாள் நினைத்தாள். தை மாதம் ஒருநாள் கரும்பு வெட்டுக்குக் கூலியாட்களோடு போயிருந்தவள், அரிவாள் முனை மழுங்கியது என்று வேறு அரிவாள் எடுக்க வீட்டுக்கு வந்தாள். வீட்டின் பக்கச்சுவர் ஓரம் மூன்று பேர் குந்தியிருந்தார்கள். இரண்டு பேர் அக்கரைக்காரர்கள். நடுவில் இருந்து கடப்பாரையால் நோண்டிக்கொண்டிருந்தவன் தணிகைவேல். தன் வீட்டுச் சுவரை, தன் அப்பா கையால் வைத்த சுவரை, நாக்கை லேசாக வெளியே நீட்டிக்கொண்டு, புதையல் எடுப்பவன்போல் நோண்டிக்கொண்டிருந்தான்.

அவள் மழுங்கிய அரிவாளோடு நின்றாள். அவன் ஒரு சீசாவை உருவி எடுத்தான். தக்கை இறுகியிருந்தது. வெயிலுக்கு நேரே பிடித்தான். உள்ளே கறுப்பாக ஏதோ பாதியளவு ஆடியது.

"பாத்தியா! அண்ணன் சொன்னது நெசந்தான்!" என்று அக்கரைக்காரர்களிடம் சொன்னான். பல்லால் தக்கையைக் கடித்து இழுத்தான். அந்த நாற்றம் காசம்மாள் நின்ற இடம்வரை வந்தது. அக்கரைக்காரர்கள் இரண்டு பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள்.

"பழைய சரக்கு அப்படித்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டுத் தணிகைவேல் அண்ணாந்து வாயில் கவிழ்த்துக்கொண்டான்.

"யோவ்!" என்று காசம்மாள் ஓடி வருவதற்குள் இரண்டு மிடறு இறங்கிவிட்டது.

அது சரக்கில்லை. சுவர் மண்ணில் ஊறி, தக்கை ஓரமாக வருஷக்கணக்கில் கசிந்து இறங்கிய மழைத் தண்ணீர். கட்டும்போது மண் புகாமலிருக்கத் தக்கை அடைப்பதற்கு முன்பே உள்ளே புகுந்து வெளியே வரத் தெரியாமல் செத்த பல்லிகள் அதில் ஊறிக் கரைந்திருந்தன. தணிகைவேல் அங்கேயே மடங்கி விழுந்து வாந்தி எடுக்கத் தொடங்கினான். அன்றைக்கும் மறுநாளும் அதற்கு மறுநாளும் மேலும் கீழும் நிற்கவில்லை. வைத்தியர் வந்து, கஷாயம் கொடுத்து, பிழைப்பது கஷ்டம் என்றார். காசம்மாள்தான் அள்ளினாள், துடைத்தாள், கழுவினாள். முதல் வாந்தியில் சின்னதாக வெள்ளை வெள்ளையாக எலும்பு கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு அவளும் கொல்லைக்கு ஓடி எடுத்தாள். எடுத்துவிட்டு வந்து மறுபடி துடைத்தாள்.

அவன் கண் திறந்து கஞ்சி கேட்ட அன்று, அவள் அந்தச் சீசாவைக் கையில் எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனாள். கடை வாசலில் கூட்டம். சம்மந்தம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். காசம்மாள் முந்தானையை இழுத்துவிடவில்லை. நேரே முன்னால் போய் நின்றாள்.

"மாமா, இது உங்கப்பா வெச்ச சீமைச் சரக்கு. உங்க தம்பி குடிச்சது போக மிச்சம் கீது. நீங்களும் ஒரு வாய் குடிங்க."

சீசாவின் வாயிலிருந்து வந்த நாற்றத்தில் பக்கத்தில் இருந்தவன் எழுந்து போனான். சம்மந்தம் முதலில் சிரித்தார்.

"இன்னா காசம்மா, அதப் போயி... ஏவாரம் கொறஞ்சி போச்சேன்னு அன்னிக்கு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். வெளையாட்டுக்கு. அந்தப் பைத்தியக்காரன் நெசமின்னு நெனச்சிக்குவான்னு யாருக்குத் தெரியும்?"

"பவுனம்மா காலும் வெளையாட்டுக்குத்தானா?"

"அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்? மழையில வுழுந்திச்சி."

சொல்லிக்கொண்டே ஒரு பாக்கை வாயில் போட்டு மென்றார். அந்த மெல்லுகிற வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள் காசம்மாள். சீசாவில் இருந்தது அவளுக்கு இவ்வளவு குமட்டவில்லை. அதுவரை அவளுக்கு 'அவர்' ஆக இருந்தவன் அன்றோடு 'அவன்' ஆனான். சீசாவை அவன் கட்டிலடியில் கவிழ்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

வீட்டுக்கு வந்து, மாட்டுக்கொட்டகையில் சேர்ந்திருந்த சாணியை அள்ளி வாசலில் கொட்டினாள். ஏரிக்களிமண்ணும் நெல் உமியும் போட்டு மிதித்தாள். மண்ணும் சாணியும் ஒன்றாகக் கலந்ததும் அள்ளி அள்ளி வெளிச்சுவரில் அப்பத் தொடங்கினாள். பச்சைக் கண்ணாடி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு போனது.

கொஞ்ச நேரத்தில் பின்னால் ஒரு கூடை வைக்கும் சத்தம் கேட்டது. சம்மந்தத்தின் பெண்சாதி எல்லம்மாள் நின்றாள். கூடை நிறையச் சாணி.

"அக்கா, நீ எதுக்கு?"

"அந்த ஆளு கொண்டாந்து போட்டத இத்தினி வருசம் தின்ன கை இது. சாணி அள்ளுனாத்தான் சுத்தமாவும்," என்றாள் எல்லம்மாள். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கீழ்வரிசையிலிருந்து அப்பினாள்.

மறுநாள் அடுத்த வீட்டுப் பெண்கள் வந்து எப்படிக் கலக்கினாய் என்று கேட்டார்கள். பவுனம்மாள் உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்து, மண்ணைக் கையால் பிசைந்து கொடுத்தாள். மாசி முடிவதற்குள் தெரு முழுக்கச் சாணி பூசியாகிவிட்டது. அதோடு நிறுத்தவில்லை. புளித்த சாணித்தண்ணீரைத் தெரு நடுவே தினம் வாரி ஊற்றினார்கள். சாய்ந்தால் ஒட்டும், உட்கார்ந்தால் ஊறும். குடிகாரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்துக் காசம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. பல வருஷத்துக்கு அப்புறம் அந்தத் தெருவில் அவள் மூச்சை இழுத்து விட்டது அன்றைக்குத்தான். சாணி நாற்றம் அவளுக்குச் சந்தனமாக இருந்தது.

ஆம்பிளைகள் முணுமுணுத்தார்கள். "தெருவோட அழகே போச்சி. நாலு ஊர்ல பேரு இருந்திச்சி," என்றான் ஒருவன். "அந்த அழக நீ வந்து ஒரு நாள் கழுவுனியா?" என்று காசம்மாள் கேட்டாள்.

தெருவில் கண்ணாடி தெரிகிற சுவர் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அது சம்மந்தத்தின் வீடு. சாணி பூச அவன் ஒப்பவில்லை, கடைக்காரனும் விடவில்லை. அவன் கட்டிவிட்ட கதை பொய் என்று அவன் வாயாலேயே கேட்டவர்கள் இருந்தார்கள். ஆனாலும் அக்கரையிலிருந்து வருகிறவனுக்குக் கதைதான் தெரியும், அது பொய்யென்று தெரியாது. கிள்ளிய கைகளெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. வளைந்து திரும்பும் அந்தச் சுவரைக் கடையில் குடித்துவிட்டுக் கடைக்குள்ளேயே இருந்து நோண்டினார்கள். அடுத்த மழையில் முன்பாதி படுத்துவிட்டது. நல்ல வேளை, கடை சாத்தியிருந்த நேரம். ஏலக்காரன் தன் பீப்பாய்களை எடுத்துக்கொண்டு பாகூர் ரோட்டோரம் கீற்றுக்கொட்டகை போட்டுக்கொண்டான்.

எல்லம்மாள் இடியாமல் நின்ற பின்பாதியிலேயே இருந்துகொண்டாள். புருஷனை உள்ளே விடவில்லை. சம்மந்தம் தட்டோடு தம்பி வீட்டு வாசலுக்கு வந்தான். காசம்மாளுக்குச் சோறு போடாமல் இருக்க முடியவில்லை. போடும்போது அவன் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. சோற்றைத் தட்டில் தள்ளிவிட்டு உள்ளே போய்விடுவாள். அவன் சப்பிச் சப்பித் தின்னும் சத்தம் கேட்காமலிருக்க, உரலில் எதையாவது போட்டு இடிப்பாள்.

அறுபத்திரண்டில் புதுச்சேரி சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது என்று சொன்னார்கள். அந்த வருஷம் கடைசியில் டவுனிலிருந்து ஒரு ஜீப் வந்தது. கால்சட்டை போட்ட உத்தியோகஸ்தர் ஒருவர், கேமராவோடு இன்னொருவர். பழைய காலத்துச் சீசா வீடுகளைப் போட்டோ எடுக்க வேண்டுமாம். எங்கிருந்தோ சம்மந்தம் வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தான்.

"எங்கப்பா கையால கட்டுன தெருவு சார் இது. ஒவ்வொரு சீசாவும் கொழந்த மாரி பாத்துக்கினோம். இந்தப் பொம்பளைங்க புத்திகெட்டுப் போய்ச் சாணியப் பூசிட்டாங்க. தோ, சொரண்டுனா வந்துடும்."

ஒரு ஓட்டுச்சில்லை எடுத்துக்கொண்டு காசம்மாள் வீட்டுச் சுவரில் கைவைத்தான். அவள் உள்ளிருந்து வந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். மூத்தார் கையைத் தொட்டது அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் விடவில்லை.

"கீழ போடு," என்றாள்.

உத்தியோகஸ்தர், "ஒரு இடத்துல மட்டும் கொஞ்சம் எடுத்தாப் போதும்மா. போட்டோ எடுத்துட்டு நாங்களே திரும்ப மூடித் தரச் சொல்றோம். இதெல்லாம் நம்ம பெருமை இல்லையா?" என்றார்.

"நீங்க எடுத்துகினு பூடுவீங்க சார். நாளைக்கி அதப் பாத்துட்டு பத்து பேரு வருவான். வந்தவன் சும்மா பாத்துட்டுப் போவ மாட்டான். அந்தா, அந்த அம்மாவப் பாருங்க." எதிர்வாசலில் உட்கார்ந்து நகர்ந்துகொண்டிருந்த பவுனம்மாளைக் காட்டினாள். "அதப் போட்டோ எடுங்க."

அவர் பவுனம்மாளைப் பார்த்தார், காலைப் பார்த்தார், கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். சாணித்தண்ணீர் அன்று காலையில்தான் ஊற்றியிருந்தது. ஜீப் போய்விட்டது.

தணிகைவேல் திருந்தினான் என்று சொல்ல ஆசைதான். அன்று பிழைத்து எழுந்தவன் ஆறு மாதம் குடிக்காமல் இருந்தான். பிறகு பாகூர் ரோட்டுக் கொட்டகைக்கு நடந்து போகத் தொடங்கினான். காசம்மாள் அவன் கட்டிலை மாட்டுக்கொட்டகையில் போட்டாள். ஜீப் வந்து போன வருஷத்துக் கரும்பு நன்றாக வந்தது. அவள் அவனைக் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் செங்கல்லில் ஒரே ஒரு அறை எழுப்பினாள். நாலு சுவர், ஓட்டுக்கூரை, ஆற்றுக்கு எதிர்த்திசையில் ஒரு ஜன்னல். கொத்தனார், "சுவுத்துல ஏதாச்சும் பூ கீ போடட்டுமாம்மா?" என்று கேட்டான்.

"ஒண்ணும் வாணாம்," என்றாள் காசம்மாள். "வெள்ளையா இருக்கட்டும். கழுவ சுளுவா இருக்கும்."

சுண்ணாம்பு காய்ந்ததும் வனஜாவையும், நகர்ந்து நகர்ந்து வந்த பவுனம்மாளையும் கூட்டிக்கொண்டு அங்கே குடிபோனாள்.